விலைக்கு வாராச் செல்வம்: ஸ்ரீமத் ராஜசந்திரர் வாழ்வு

செல்வம் கொண்டு வாங்கத்தக்கவை உலகில் பல. நிலமும் மனையும் பொன்னும் மணியும் விலை கொடுத்தால் வரும். புகழ் பாடும் நாவையும் கூலி கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் மானமும் நேர்மையும் அறிவும் விலைக்கு வருமா என்பது தொன்றுதொட்டு எழும் வினா. வாரா என்று துறவிகள் விடை சொன்னால் உலகம் பணிவுடன் கேட்டுக்கொள்ளும். பொருளைத் தொடாதவர்க்குப் பொருளின் ஆற்றல் தெரியாது என்று உள்ளுக்குள் எண்ணியபடி தன் வழியே போய்விடும். அதே விடையை, முத்தையும் வைரத்தையும் நாள்தோறும் கையில் ஏந்தி மதிப்பிட்ட ஒரு வணிகர் தம் வாழ்வையே சான்றாக வைத்துச் சொன்னால் அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. அத்தகைய வணிகராக வாழ்ந்தவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். முப்பத்து நான்கு ஆண்டுகள்கூட நிறையாத அவரது வாழ்வு இந்த ஒரு வினாவைச் சுற்றியே பலமுறை சோதிக்கப்பட்டது.

பிறப்பும் இளமையும்

சௌராஷ்டிர நாட்டில், மோர்பி அரசுக்கு உட்பட்ட வவாணியா என்னும் கடற்கரைச் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமி நாளில் அவர் பிறந்தார். தந்தையார் ராவ்ஜிபாய் மேத்தா, தாயார் தேவபாய். பெற்றோர் இட்ட பெயர் பின்னர் ராய்சந்த் என மாறிற்று. தந்தைவழிப் பாட்டனார் கண்ணன்பால் பேரன்பு பூண்டவர். தாயார் சமணக் குடும்பத்திலிருந்து வந்தவர். பாட்டனார் பாடிய பக்திப் பாடல்களிலே இளமையில் திளைத்த சிறுவர், பின்னர் சமணர் ஓதும் பிரதிக்கிரமண நூல்களைப் பயின்றார். எவ்வுயிரிடத்தும் நட்புப் பாராட்ட வேண்டும் என்று அந்நூல்கள் கூறுவது அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அங்கே தொடங்கிய பற்று இறுதிவரை குறையவில்லை.

ஏழு வயதளவில் நிகழ்ந்த ஒன்று அவர் வாழ்வின் திசையை வகுத்தது. அவரிடம் அன்பு காட்டிய ஊரார் ஒருவர் பாம்பு தீண்டி இறந்தார். இறப்பு என்பது யாது என்று பாட்டனாரை வினவியும் தெளிவான விடை பெறாத சிறுவர், சுடுகாட்டருகே ஒரு மரத்தின்மேல் ஏறி, அந்த உடல் எரிவதைக் கண்டார். நேற்றுவரை பேசிய மனிதரின் உடல் இங்கே இருக்கிறது. அதனை விட்டு நீங்கியது எது? இவ்வாறு எண்ணிய அந்த நேரத்தில் அவருக்கு முற்பிறப்பு நினைவு தோன்றியதாக அவரைப் பின்பற்றுவோர் போற்றுவர். உடல் வேறு, உயிர் வேறு என்னும் எண்ணம் அன்று அவருள் ஊன்றிவிட்டது. பொருளால் வாங்கப்படுபவை அனைத்தும் உடலோடு நின்றுவிடுவன என்பதை நூல் கற்கும் முன்னரே அவர் கண்ணால் கண்டுகொண்டார்.

கல்வியில் அவர் காட்டிய விரைவு ஆசிரியர்களை வியக்க வைத்தது. ஒருமுறை கேட்டதும் படித்ததும் மறவாத நினைவாற்றலால் ஏழு வகுப்புப் பாடங்களை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் முடித்தார். எட்டு வயது முதல் கவிதை புனைந்தார். ஆங்கிலப் பள்ளியில் அவர் பயின்றதில்லை. பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அமர்த்தப்படும் தனியாசிரியர் எவரும் அவருக்கு வாய்க்கவில்லை. வவாணியாச் சிற்றூரின் சிறு பள்ளியிலேயே அவர் கல்வி பயின்றார்.

கடையில் கற்ற நேர்மை

பதின்மூன்று வயதில் தந்தையின் கடையில் அமர்ந்தார். ஓய்ந்த வேளையில் நூல் படிப்பதும் பாடல் எழுதுவதுமாகப் பொழுது சென்றது. கையெழுத்து அழகாக இருந்தமையால் கட்ச் தர்பாரின் மாளிகைக்கு எழுத்துவேலைக்காக அழைக்கப்படுவதும் உண்டு. அந்நாள்களைப் பற்றிப் பின்னர் அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் ஒரு செய்தி உள்ளது. கடையில் எவருக்கும் விலையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை என்றும், எடையைக் கூட்டியோ குறைத்தோ நிறுத்ததில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். சிற்றூர்க் கடையில் ஒருநாள் எடையில் செய்யக்கூடிய வஞ்சனை சில காசுகளுக்கு மேல் இராது. அந்தச் சில காசுகளின் முன் தளராத உள்ளமே பின்னாளில் பல்லாயிரங்களின் முன்னும் தளராது நின்றது. இதனை மனத்தில் இருத்தினால்தான் அவர் வாழ்வின் பிற்பகுதியைச் சரியாக உணர முடியும்.

பதினாறாம் வயதில், மூன்றே நாள்களில், நூற்றெட்டுப் பாடங்கள் கொண்ட மோட்சமாலை என்னும் நூலை அவர் இயற்றினார். இளைஞர்களுக்குச் சமண நெறியை எளிய உரைநடையில் எடுத்துரைப்பது அந்நூல். நாலடியாரைத் தந்த முனிவர்களின் நூல் செல்வம் நிலையாமையை முதல் அதிகாரமாகக் கொண்டிருப்பதைத் தமிழ்ச் சமணர் அறிவர். அதே நெஞ்சம் குஜராத்தி மொழியில் பேசுவதை மோட்சமாலையில் காணலாம்.

அதில் வரும் கபில முனிவர் வரலாறு பழைய ஆகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. கௌசாம்பியின் அரசவைப் பண்டிதருக்கு மகனாகப் பிறந்தும் கல்வியின்றி வளர்ந்தவர் கபிலர். தந்தையின் பதவி வேறொருவருக்குப் போன பின்னரே கல்வியின் அருமை உணர்ந்து, சிராவத்திக்குச் சென்று தந்தையின் நண்பரிடம் மாணவரானார். தந்தையின் செல்வமும் பதவியும் மகனுக்கு அறிவை வாங்கித் தரவில்லை. சிராவத்தியிலும் அவர் மனம் கல்வியில் நிலைக்கவில்லை. காதல் வயப்பட்டு வறுமையில் உழன்றார். விடியலில் முதலில் வந்து வாழ்த்துபவருக்கு அரசன் இரண்டு மாசை எடைப் பொன் தருவதாகக் கேட்டு, நள்ளிரவிலேயே புறப்பட்டுக் காவலரிடம் சிக்கினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னபோது அரசன் இரங்கி, வேண்டியதைக் கேட்கச் சொன்னான். இரண்டு மாசைக்காக வந்தவரின் ஆசை பத்தாகி, நூறாகி, ஆயிரமாகி, அரசு முழுவதையும் கேட்கும் அளவுக்கு வளர்ந்தது. அந்த எல்லையில் அவர் தம்மையே திரும்பிப் பார்த்தார், ஆசை அற்றது, மெய்யறிவு தோன்றிற்று. அரசன் கருவூலம் திறந்திருந்தது. ஆனால் கபிலர் பெற்ற அறிவு அக்கருவூலத்தில் இருந்ததன்று.

இன்பம் எது என்பதைப் பற்றிய வேறு சில பாடங்களும் அந்நூலில் உண்டு. வறுமையால் வாடிய அந்தணன் ஒருவன் தெய்வத்தின் வரம் பெற்று, எவருடைய இன்பத்தைக் கேட்பது என்று அறிய ஊர் ஊராகச் செல்கிறான். இறுதியில் துவாரகையில் பெருஞ்செல்வர் ஒருவரைக் கண்டு, அவரைப் போன்ற வாழ்வையே கேட்கலாம் என்று கருதுகிறான். அச்செல்வரோ தம் செல்வத்தில் மெய்யின்பம் இல்லை என்று அவனுக்கு விளக்குகிறார். பதினாறு வயது இளைஞர், தாம் வணிகராகிப் பொருள் ஈட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எழுதியவை இவை. எழுதியது உண்மைதானா என்று சோதிக்கும் காலம் விரைவில் வந்தது.

நூறு கவனகமும் துறந்த புகழும்

மோர்பியில் சாஸ்திரி ஒருவர் அட்டாவதானம் செய்வதை ராய்சந்த் ஒருமுறை கண்டார். ஒரே வேளையில் எட்டுச் செயல்களில் மனத்தைச் செலுத்தும் அக்கலையைக் கண்ட அளவிலேயே கற்றுக்கொண்டு, பன்னிரண்டு, பதினாறு, ஐம்பத்திரண்டு என உயர்ந்தார். 1887ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் பம்பாயில், பிராம்ஜி காவஸ்ஜி மன்றத்தில், அறிஞர் பலர் கூடிய அவையில் சதாவதானம் செய்து காட்டினார். ஆட்டங்கள் ஆடுவதும், மணியோசையை எண்ணுவதும், கணக்குகளுக்கு விடை காண்பதும், அறியாத பல மொழிகளின் சொற்கள் முறை மாற்றிச் சொல்லப்பட அவற்றை ஒழுங்குபடுத்தித் தருவதும், கேட்ட பொருள்களில் செய்யுள் இயற்றுவதும் ஒருங்கே நிகழ்ந்தன. அவருக்கு அப்போது அகவை பத்தொன்பது. பொற்பதக்கம் வழங்கப்பட்டது, கலைமகளே நேரில் வந்தாள் என்னும் பொருள்படும் பட்டமும் சூட்டப்பட்டது. நாளிதழ்கள் புகழ்ந்தன.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த சர் சார்லஸ் சார்ஜெண்ட், இந்த ஆற்றலை ஐரோப்பாவில் சென்று காட்டுமாறு கூறினார். இசைந்திருந்தால் பொருளும் புகழும் வந்து குவிந்திருக்கும். அவர் குடும்பமோ செல்வச் செழிப்புடையதன்று. பொறுப்புகள் பல இருந்தன. எனினும் சமண நெறிப்படி அங்கே வாழ இயலாது என்று கருதி அவர் மறுத்தார். அதற்கு மேலும் ஒரு படி சென்று, இருபது வயதளவில் அவதானக் காட்சிகளையே அறவே நிறுத்திவிட்டார். சோதிடத்திலும் அவருக்கு ஆழ்ந்த தேர்ச்சி இருந்தது. எதிர்காலம் அறிய விரும்பிப் பலர் நாடி வருவது ஆன்ம நெறிக்கு இடையூறு எனக் கண்டு அதனையும் விட்டார்.

இங்கே வினாவின் மறுபக்கம் புலப்படுகிறது. பொருள் கொடுத்து அறிவை வாங்கலாமா என்று உலகம் கேட்கிறது. அறிவைக் கொடுத்துப் பொருளை வாங்கலாமா என்னும் சோதனை அவருக்கு வந்தது. அறிவை மறைக்கும் வினையை ஞானாவரணீயம் என்று சமண நூல்கள் குறிக்கும். அறிவு உயிரின் இயல்பு; வினை அதனை மேகம் ஞாயிற்றை மறைப்பதுபோல் மறைக்கிறது; ஞானத்தையும் ஞானியரையும் இகழ்வதாலும், கற்பவர்க்கு இடையூறு செய்வதாலும், கற்றதை ஒளிப்பதாலும் அவ்வினை வலுப்படும். பணிவாலும் முயற்சியாலும் அது தேயும். அவ்வாறாயின் அறிவு வெளியிலிருந்து கொணரப்படும் சரக்கு அன்று. மூடியிருப்பதை நீக்கினால் தானே ஒளிர்வது. தம்மிடம் ஒளிர்ந்த அந்தச் சுடரைக் கடைப்பொருளாக்க ராய்சந்த் விரும்பவில்லை.

மணி வணிகம்

1888ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியார் ஜபக்பாய், மருத்துவர் பிராண்ஜீவன் மேத்தாவின் தமையனார் மகள். அதனையடுத்து ரேவாசங்கர் ஜகஜீவன் என்னும் பெயரில் பம்பாயில் நடந்த மணி வணிக நிறுவனத்தில் பங்காளியானார். முத்தும் வைரமும் தேர்வதில் அவருக்கு இணையானோர் சிலரே. இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்தது. பெரிய பேரம் ஒன்று முடிந்த மறுகணமே அருகில் உள்ள சமய நூலோ தம் எண்ணங்களைக் குறிக்கும் ஏடோ அவர் கையில் இருக்கும். உடையில் எளிமை, உணவில் எது வந்தாலும் குறை சொல்லாமை, இருக்கை எதுவாயினும் ஒன்றே. வீட்டில் வளர்ந்துவந்த மக்கள் நால்வர்.

அவரது வணிக நேர்மைக்குச் சான்றாக இரண்டு நிகழ்ச்சிகள் வழிவழியாகச் சொல்லப்படுகின்றன.

ஒரு வணிகர், குறித்த விலைக்குக் குறித்த நாளில் மணிகளைத் தருவதாக ராய்சந்துக்கு ஒப்பந்தம் எழுதித் தந்திருந்தார். நாள் வருவதற்குள் விலை பெரிதும் ஏறிவிட்டது. ஒப்பந்தப்படி தந்தால் அவ்வணிகர் குடும்பத்தோடு அழிய நேரும். செய்தி அறிந்த ராய்சந்த் தாமே அவரிடம் சென்றார். அவரோ கடன் கேட்க வந்துள்ளார் என்று அஞ்சி, எதை விற்றேனும் ஈடு செய்வதாக உறுதி கூறித் தவணை வேண்டினார். இருவர் கவலைக்கும் காரணம் இந்தத் தாளே என்று கூறி ராய்சந்த் ஒப்பந்தத்தை வாங்கிக் கிழித்தெறிந்தார். மற்றொருவரின் குருதி கலந்த ஆதாயம் தமக்கு வேண்டா என்பதையும் அவருக்குத் தெளிவாக்கினார்.

மற்றொன்று அராபிய முத்து வணிகரைப் பற்றியது. தமையன் வைத்திருந்த முத்துப் பொதியைத் தம்பி, அவன் அறியாமல், தரகர் வாயிலாக ராய்சந்திடம் விற்றுவிட்டான். அப்பொதிக்கு அதிக விலை கிடைக்கவிருந்ததாகத் தமையன் சினந்தான். மறுநாள் தம்பி கலங்கிய முகத்துடன் வந்து நிலையை விளக்கினான். விற்பனை முறைப்படி முடிந்துவிட்டது, ஆதாயமோ உறுதி. ஆயினும் ராய்சந்த் பொதியை அப்படியே எடுத்துத் தந்து, தாம் கொடுத்த பணத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இவற்றைக் கேட்போர் மனத்தில் ஓர் ஐயம் எழலாம். பெருந்தொகையை விட்டுக்கொடுத்து மானத்தை நிலைநாட்டினார் என்றால், அவர் அத்தொகைக்கு மானத்தை வாங்கினார் என்றுதானே பொருள்? இவ்வையத்துக்கு விடை வவாணியாக் கடையில் இருக்கிறது. பதின்மூன்று வயதில் எடை பிழையாத கையே பம்பாயில் ஒப்பந்தத்தைக் கிழித்தது. தொகை பெரிதாயிற்றே ஒழியக் குணம் புதிதாகவில்லை. பெயர் பெற விரும்பி ஒருவர் அதே தொகையை ஊரறியக் கொடுத்திருந்தால், அவர் பெறுவது பேரேயன்றி நேர்மையன்று. அடுத்த பேரத்தில் அதனை அவர் மீண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். குணம் உள்ளவனிடத்தில் பொருள் அக்குணத்தை வெளிப்படுத்தும் கருவியாகிறது. குணம் இல்லாதவனிடத்தில் அதே பொருள் அதன் இன்மையை வெளிப்படுத்துகிறது. துலாக்கோல் பொன்னின் எடையைக் காட்டுமேயன்றிப் பொன்னை உண்டாக்காது, செல்வமும் அத்தகையதே.

பாரிஸ்டரும் வணிகரும்

1891ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பிய மோகன்தாஸ் காந்தி, பம்பாயில் இறங்கிய நாளிலேயே பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் ராய்சந்தைச் சந்தித்தார். காந்தியின் குடும்பம் பெருந்தொகை செலவிட்டு அவரைக் கடல் கடந்து அனுப்பியிருந்தது. சாதி விலக்கையும் தாங்கிப் பெற்ற படிப்பு அது. இளம் பாரிஸ்டருக்கு அதுபற்றிய பெருமிதமும் இருந்தது. ராய்சந்தின் நினைவாற்றலைச் சோதிக்க விரும்பி, தாம் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் எழுதி ஒருமுறை படித்துக் காட்டினார். ஆங்கிலம் அறியாத ராய்சந்த் அவற்றை அதே வரிசையில் திருப்பிச் சொன்னார்.

அந்த நிகழ்ச்சியால் தம் செருக்குத் தணிந்ததைக் காந்தியடிகள் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில் ஒப்புக்கொண்டார். நினைவாற்றல் பள்ளிக்கூடங்களில் விற்கப்படும் பொருளன்று என்றும், உண்மை வேட்கை உள்ளவர்க்குப் பள்ளிக்கு வெளியிலும் அறிவு கிட்டும் என்றும் அவர் அங்கே உணர்த்துகிறார். ஆயினும் அவரை ஆட்கொண்டது அந்த நினைவாற்றல் அன்று. ராய்சந்தின் பரந்த நூலறிவும், மாசற்ற ஒழுக்கமும், ஆன்மாவை அறிய வேண்டும் என்னும் தணியாத வேட்கையுமே அவரை ஈர்த்தன. இருவரிடையே வணிகத் தொடர்போ தன்னலத் தொடர்போ இருந்ததில்லை என்பதையும் காந்தியடிகள் பதிவு செய்துள்ளார்.

தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, சமய ஐயங்கள் தம்மை வருத்திய வேளையில், 1894ஆம் ஆண்டில் காந்தி இருபத்தேழு வினாக்களை ராய்சந்துக்கு எழுதி அனுப்பினார். ஆன்மா, இறைவன், வினை, வீடுபேறு பற்றிய அவ்வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையுடன் விடை வந்தது. தம் வாழ்வில் ஆழ்ந்த முத்திரை பதித்தவர்களாக டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோருடன் ராய்சந்தையும் சேர்த்துக் காந்தியடிகள் கூறுவது உலகறிந்தது. பெரும் பொருட்செலவில் கல்வி பெற்றவர், சிற்றூர்ப் பள்ளியோடு நின்ற வணிகரிடம் வழி கேட்டார். கட்டணம் செலுத்திப் பெறும் கல்வி பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. அக்கல்வி தொழிலுக்கு வாயில் திறந்தது. தெளிவுக்கு வாயில் வேறிடத்தில் இருந்தது.

அன்பரின் வறுமை

ராஜசந்திரரின் வாழ்வில் மிகக் கடினமான சோதனை பகைவரிடமிருந்து வரவில்லை. உயிரனைய அன்பரிடமிருந்து வந்தது. சாயலா ஊரைச் சேர்ந்த சௌபாக்பாய் அவரினும் வயதில் மிக மூத்தவர். ஆன்ம நெறியில் அவரை உளமாரப் பின்பற்றியவர். சௌபாக்பாயின் தந்தையார் ஒருகாலத்தில் செல்வராயிருந்து பொருளிழந்தவர். இழந்த செல்வத்தை மீட்க மந்திரம் வேண்டித் துறவி ஒருவரிடம் சென்றபோது, அத்துறவி அவரைக் கடிந்து, செல்வத்துக்கு மாறாக ஆன்ம சாதனைக்குரிய உபதேசத்தைத் தந்தாராம். அவ்வுபதேசத்தைச் சுமந்துகொண்டே சௌபாக்பாய் முதன்முதல் ராஜசந்திரரைக் காண வந்தார்.

மகனையும் பணமுடை விடவில்லை. ராஜசந்திரரிடம் உள்ள ஆன்ம ஆற்றலால் தம் குடும்பத் துன்பம் நீங்காதா என்னும் ஏக்கம் அவர் மடல்களில் எட்டிப் பார்த்தது. ராஜசந்திரர் அன்பில் குறையாமல், ஆனால் சிறிதும் நெகிழாமல், அதற்கு இடமில்லை என்று எழுதினார். ஆன்ம ஆற்றலைப் பொருளாக மாற்ற முயல்வது, ஆன்ம நெறிக்கே ஊறு விளைப்பது என்பது அவர் கருத்து. வினைப்பயனைச் சமநிலையில் தாங்குவதே அன்பர்க்கு உற்ற வழி என்று அறிவுறுத்தினார். நூற்றுக்கணக்கான மடல்கள் எழுதிய அந்த அன்பர் வறுமையில் இருக்க, இம்மறுப்பை எழுத அவர் நெஞ்சு எத்தனை நொந்திருக்கும் என்பது எண்ணத்தக்கது. சதாவதானத்தை விற்க மறுத்தபோது இழப்பு அவருடையது. இங்கே துன்பம் அவர் நேசித்தவருடையது. இருந்தும் நெறி பிறழவில்லை.

அந்தச் சௌபாக்பாய்க்காகவே அவரது தலைசிறந்த நூல் பிறந்தது. ஆன்மாவைப் பற்றிய ஆறு உண்மைகளை உரைநடையில் விளக்கி அவர் எழுதிய மடல் முதியவரான தமக்கு மனப்பாடம் செய்ய அரிதாயிருப்பதாகவும், அதனைச் செய்யுளாகத் தந்தால் நலம் என்றும் சௌபாக்பாய் வேண்டினார். 1896ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நடியாத் நகரில், ஒரு மாலைப் பொழுதில் ராஜசந்திரர் எழுத அமர்ந்தார். அன்பர் அம்பாலால் விளக்கை ஏந்தி நின்றார். ஓரிரு மணி நேரத்தில் நூற்று நாற்பத்திரண்டு பாக்கள் கொண்ட ஆத்ம சித்தி சாஸ்திரம் நிறைவெய்தியது. அதற்கு நான்கு படிகள் மட்டுமே எழுதப்பட்டன; தகுதியுடையோர்க்கு மட்டும் அவை தரப்பட்டன. பொருள் கேட்டும் அருள் பெற்ற சௌபாக்பாய், மறு ஆண்டில் அமைதியான மனத்துடன் உயிர் நீத்தார்.

துறவும் முடிவும்

வணிகத்தில் நேர்மையோடு நின்றமையால் ராஜசந்திரர் மனநிறைவு கொண்டுவிடவில்லை. நேரிய வழியில் ஈட்டினும் பொருள் ஈட்டும் முயற்சியே உள்ளத்தை அலைக்கும் சுமை என்பதை அவர் மடல்கள் பல உணர்த்துகின்றன. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை இல்லறத்தார்க்கு வகுத்த நெறியின் உட்பொருளை அவர் கடையில் அமர்ந்தே கண்டார். ஆண்டுதோறும் சில திங்கள் பம்பாயை நீங்கி, காவிட்டா, வடவா, உத்தரசண்டா, ஈடர் முதலிய இடங்களில் தனிமையில் தியானித்தார். 1899ஆம் ஆண்டளவில் வணிகத்தை முற்றிலும் விட்டு, பொருளுடைமையையும் துறந்தார். அதற்குள் உடல் நலிந்துவிட்டது. ராஜ்கோட்டில், 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், தாயாரைப் பேணுமாறு தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆன்மாவில் ஒன்றிய நிலையில் இவ்வுலகு நீங்கினார். அப்போது அகவை முப்பத்து மூன்று.

பொருளை அவர் வெறுத்தாரல்லர். அதற்குரிய இடத்தில் வைத்தார். மறைவதற்கு முந்தைய ஆண்டு பரமசுருத பிரபாவக மண்டலத்தை நிறுவி, பண்டைச் சமணப் பேராசான்களின் நூல்களை அச்சிட்டுப் பரப்ப வழி செய்தார். உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்துக்கே அவர் இறுதி முயற்சி பயன்பட்டது. செல்வம் நூலை அச்சிடும், நூலகத்தை எழுப்பும், மாணவனுக்குச் சோறிடும். படித்து உணர்வது மட்டும் அவரவர் உள்ளத்தின் பணியாகவே எஞ்சும்.

இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று மரபில் வழங்குகிறது. லிம்ப்டி நகரில் ஒருவர், குந்தகுந்தாசாரியரின் சமயசாரத்தை ராஜசந்திரர் கையில் கொணர்ந்து தந்தார். தமிழகத்துச் சமணர் பொன்னூர் மலையில் திருவடிகளை வணங்கிப் போற்றும் அந்தக் குந்தகுந்தரே அதனை இயற்றியவர். ஏட்டைப் புரட்டிய ராஜசந்திரர், அதன் அருமையை ஒருசில வரிகளிலேயே கண்டு, கொணர்ந்தவருக்கு இரு கைந்நிறைய வெள்ளிக் காசுகளை அள்ளித் தந்தார். காசுகளை அவர் எண்ணவில்லை. மணி ஒவ்வொன்றையும் எடை பார்த்து, நீர்மை பார்த்து, விலை கணித்துப் பழகிய கை அது. விலை மதிப்பில்லாத ஒன்றின் முன் எண்ணுவதற்கு ஏதுமில்லை என்பதை அந்தக் கை அறிந்திருந்தது.